மூவிராசாக்களின் நட்சத்திரம் எங்கே?

கேள்வி: மூவிராசாக்கள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்தைக் கழற்றி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மூவிராசாக்கள் கண்ட நட்சத்திரம் மொட்டைமாடியில் ஏறினால் தெரியுமா என்று மகன் கேட்கிறான். என்ன சொல்லலாம்?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: அது எந்த நட்சத்திரம் என்று இன்றுவரை எவரும் உறுதியாகச் சொன்னதில்லை. மத்தேயு நற்செய்தி கிழக்கிலிருந்து ஞானிகள் வந்ததாக மட்டுமே கூறுகிறது. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் எனக் காணிக்கைகள் மூன்றாக இருந்ததால் வந்தவர்களும் மூவராயினர், பிற்பாடு அரசர்களுமாயினர். கி.மு. 7ஆம் ஆண்டில் வியாழனும் சனியும் மூன்று முறை நெருங்கி வந்ததைச் சிலர் காரணமாகக் காட்டுவர். கவர்ச்சியான விளக்கந்தான், ஆனால் அப்போதும் அவற்றுக்கிடையே முழுநிலவின் அகலத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இடைவெளி இருந்தமையால், அவை ஒரே நட்சத்திரமாகத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆயினும் மகனை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐரோப்பாவின் சில நாடுகளில் 'மூன்று அரசர்கள்' என்றே வழங்கும் மூன்று நட்சத்திரங்கள், ஜனவரி முதல் வாரத்தில் இரவு 8 மணியளவில் கிழக்கு வானின் நடுவே, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சற்றே சாய்ந்த வரிசையில், தெருவிளக்குகளின் வெளிச்சத்தையும் மீறித் தெரியும். அவ்வரிசையை வலப்புறமாகக் கீழே நீட்டிப் பார்த்தால், இரவு வானின் நட்சத்திரங்களிலேயே மிகப் பிரகாசமான சிரியஸ் அகப்படும். இன்று நாம் காணும் அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு எட்டரை ஆண்டுகளுக்கு மேலாகிறது. மூவருக்கு இடப்புறம் செம்மையாக மினுங்குவது நம் திருவாதிரை. திருவெம்பாவைக் காலத்தில் பக்கத்து வீட்டார் கோயிலுக்குப் போவதும் அந்த நட்சத்திரத்தின் பெயரால் அமைந்த திருநாளுக்காகத்தான் என்பதையும் அவனுக்குச் சொல்லலாம். குளிர்நாட்டார் கம்பளி போர்த்திக்கொண்டு தென்வானில் தேடும் இம்மூவரும், பத்தே முக்கால் மணியளவில் நமக்கு ஏறத்தாழ உச்சியிலேயே நிற்பர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து கொழும்பு வானம் வெளுத்திருக்கும் மாதமும் இதுவே.

கேள்வி: அப்படியானால் வாசல் நட்சத்திரத்தை எப்போது கழற்றுவது?
(அதே வாசகி)

பதில்: இன்றைய கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாட்காட்டியின்படி, கிறிஸ்து பிறப்புக் காலம் திருக்காட்சியைத் தொடர்ந்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுடனேயே நிறைவடைகிறது. பழைய வழக்கத்தை விடாதவர்கள், பிறப்பு விழாவிலிருந்து 40ஆம் நாளான பெப்ரவரி 2 வரை குடிலைக் கலைக்காமல் வைத்திருப்பதும் உண்டு. ஆகவே உங்கள் காகித நட்சத்திரம் இன்னும் சில நாள் தொங்கட்டும், மழைச்சாரல் படாத இடமாக இருந்தால்.