மீன் எண்ணெய் மாத்திரை: பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள் (கேள்வி-பதில்)

கே: மருத்துவர் தினமும் 1 கிராம் ஒமேகா-3 எடுத்துக்கொள்ளச் சொன்னார். ‘மீன் எண்ணெய் 1000 மி.கி.’ என்று போட்ட பாட்டிலை வாங்கி, நாளுக்கு ஒரு கேப்சூல் விழுங்குகிறேன். சரிதானே?

ப: சரியில்லை. அவர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட உங்கள் உடம்புக்குப் போகவில்லை. ஆனால் இது உங்கள் தப்பு இல்லை. முன்பக்க லேபிள் உங்களை இப்படி நினைக்க வைக்கத்தான் அச்சாகியிருக்கிறது.

1000 மி.கி. என்பது கேப்சூலுக்குள் இருக்கும் எண்ணெயின் எடை. மருத்துவர் கேட்டது அந்த எண்ணெயில் உள்ள இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களை. செறிவூட்டாத சாதாரண கேப்சூலில் பெரும்பாலும் இபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மி.கி.தான் இருக்கும். மீதி 700-ம் வேறு கொழுப்பு. மூன்று போட்டாலும் 900 மி.கி.யில் நிற்கும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. வாங்குகிறவருக்குத் தேவையான தொகை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. தேவையில்லாதது முன்னால் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பின்பக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. ‘ஒரு வேளைக்கு’ என்று போட்டு, அந்த வேளை என்பது 2 அல்லது 3 கேப்சூல் என்பதை மேல் வரியில் ஒதுக்கியிருப்பார்கள். அதை முதலில் பாருங்கள். பிறகு இபிஏ, டிஎச்ஏ இரண்டையும் கூட்டி, கேப்சூல் எண்ணிக்கையால் வகுங்கள். ‘மொத்த ஒமேகா-3’ என்ற வரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் மற்ற ஒமேகா-3 வகைகளும் கலந்திருக்கும். ‘டபுள்’, ‘ட்ரிபிள்’, ‘அல்ட்ரா’ போன்ற சொற்களுக்கு நிலையான அளவு எதுவும் கிடையாது. ‘ஒமேகா 3-6-9’ என்ற கலவையையும் விட்டுவிடுங்கள். 6-ம் 9-ம் சமையல் எண்ணெயிலேயே வந்துவிடுகின்றன. அவற்றுக்கு இடம் கொடுத்தால் 3 குறையும்.

விலையை ஒப்பிடும்போதும் இதே கணக்குதான். கேப்சூலுக்கு 300 மி.கி. வீதம் 60 கேப்சூல் உள்ள பாட்டிலில் இருப்பது 18 கிராம். 600 மி.கி. வீதம் 30 கேப்சூல் உள்ள பாட்டிலிலும் அதே 18 கிராம். எது மலிவு என்பதை ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

கே: சர்க்கரை நோய் இருக்கிறது, இதயக் கோளாறு இல்லை. தினம் ஒரு கேப்சூல் போட்டால் மாரடைப்பு வராது என்று சொல்லி ஒரு வருடத்துக்கானதை விற்றுவிட்டார்கள். உண்மையா?

ப: இல்லை. உங்களைப் போன்றவர்களையே வைத்து நடந்த ஆய்வு ‘அசெண்ட்’. இதய நோய் இல்லாத சர்க்கரை நோயாளிகள் 15,480 பேர். தினம் 1 கிராம் கேப்சூல். 2018-ல் வந்த முடிவு: மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் குறையவில்லை. அதே ஆண்டு வெளியான ‘வைட்டல்’ ஆய்வில் பொதுமக்கள் 25,871 பேர். அதன் முதன்மைக் கேள்விக்கும் பலன் இல்லை என்பதே விடை.

‘25 சதவீதம் குறையும்’ என்று விற்பனையாளர்கள் காட்டுவது ‘ரெட்யூஸ்-இட்’ ஆய்வை. அதில் கொடுத்தது தினம் 4 கிராம் சுத்திகரித்த இபிஏ, மருத்துவர் சீட்டில் வரும் மருந்து. அதை எடுத்தவர்கள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து எடுத்துவந்தும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதலாக இருந்த, இதய ஆபத்து மிகுந்தவர்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கனிம எண்ணெய் கொடுத்ததால் பலன் கூடித் தெரிந்திருக்கலாம் என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. இபிஏ, டிஎச்ஏ இரண்டும் கலந்து 4 கிராம் கொடுத்துப் பார்த்த ‘ஸ்ட்ரெங்த்’ ஆய்வு பலன் தெரியாமல் 2020-ல் நிறுத்தப்பட்டது. ‘ரெட்யூஸ்-இட்’ மருந்தின் பெயரைச் சொல்லிச் சாதாரண கேப்சூலை விற்பது ஏமாற்று. சீல் பிரிக்காத பாட்டில்களைத் திருப்பிக் கொடுங்கள், என்ன சொல்லி விற்றார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

கே: ஏப்பம் விட்டால் மீன் வாடை.

ப: வெறும் வயிற்றில் போடாதீர்கள். கொழுப்பு இருக்கும் பெரிய சாப்பாட்டின் நடுவில் போட்டால் வாடையும் குறையும், உடம்பில் சேர்வதும் கூடும்.

கே: புது பாட்டிலைத் திறந்ததுமே குமட்டும் நெடி. கடைக்காரர் ‘மீன் எண்ணெய் என்றால் மீன் வாடை அடிக்கத்தான் செய்யும்’ என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்.

ப: விடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம். நல்ல எண்ணெயில் லேசான மீன் மணம் இருக்கலாம். காறல் நெடி, பழைய பெயின்ட் வாடை, தொண்டையைப் பிடிக்கும் கசப்பு ஆகியவை எண்ணெய் கெட்டதற்கு அடையாளம். இபிஏ, டிஎச்ஏ மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். அதனால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். வெயிலில் கிடந்த வண்டியில் வந்தாலே போதும். எனக்கும் ஒருமுறை அப்படியொரு பாட்டில் வந்து சேர்ந்தது.

ஒரு கேப்சூலின் நுனியைக் கத்தரியால் வெட்டி, எண்ணெயை ஒரு கரண்டியில் பிழியுங்கள். முகர்ந்து பாருங்கள், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மணம் சேர்த்த வகையில் இந்தச் சோதனை பலிக்காது; மணம் நெடியை மூடிவிடும். அப்புறம் தொகுதி எண், தயாரிப்பு தேதி, ரசீது மூன்றையும் படம் எடுத்து, தயாரிப்பாளரிடம் அந்தத் தொகுதியின் ஆய்வகச் சான்றிதழைக் கேளுங்கள். பார்க்க வேண்டியவை, எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறது என்று காட்டும் மூன்று எண்கள்: பெராக்சைடு மதிப்பு 5-க்குள், அனிசிடின் மதிப்பு 20-க்குள், முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கூட்டினால் வரும் டோடாக்ஸ் 26-க்குள். இந்தத் துறையினரே தமக்கு வகுத்துக்கொண்ட வரம்புகள் இவை. சான்றிதழ் தர மறுக்கும் நிறுவனத்திடம் மறுபடி வாங்காதீர்கள்.

கே: தள்ளுபடியில் ஆறு பாட்டில் வாங்கினேன். இரண்டு மாதத்தில் காலாவதி என்று இப்போதுதான் பார்த்தேன். அதன் பிறகும் சாப்பிடலாமா?

ப: வேண்டாம். தேதி பாட்டிலின் மேலேயேதான் இருந்தது.

கே: ஃப்ரீசரில் வைத்தால் உறையாத எண்ணெய்தான் சுத்தமானது என்கிறார்கள். தெர்மாகோல் கப்பைக் கரைத்தால் நஞ்சு என்கிறார்கள்.

ப: இரண்டும் தரத்தைச் சொல்லாது. பூரிதக் கொழுப்பு கொஞ்சம் இருந்தாலும் குளிரில் கலங்கும், உறையும். அது கலப்படம் ஆகாது. தெர்மாகோலைக் கரைப்பது எத்தில் எஸ்டர் வடிவ எண்ணெய். செறிவூட்டும்போது வரும் வடிவம் அது. மருத்துவர் சீட்டில் வரும் மருந்துகளிலும் உண்டு. மீனில் இயல்பாக இருக்கும் டிரைகிளிசரைடு வடிவத்தைவிட அது உடம்பில் சேர, சாப்பாட்டில் கொழுப்பு கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான்.

கே: டிரைகிளிசரைடு 620. மருந்து பிடிக்காது. நானே தினம் பத்து கேப்சூல் போடுகிறேன்.

ப: இன்றே மருத்துவரைப் பாருங்கள். 500-க்கு மேல் போனாலே கணைய அழற்சியை எண்ணிக் கவலைப்பட வேண்டும், நீங்கள் 620-ஐ வைத்துக்கொண்டு கடைச் சரக்கில் சோதனை செய்கிறீர்கள். இபிஏ, டிஎச்ஏ டிரைகிளிசரைடைக் குறைப்பது உண்மைதான், இவற்றின் உறுதியான பலனே அதுதான். ஆனால் அது தினம் 4 கிராம் அளவில், ரத்தப் பரிசோதனையோடு செய்ய வேண்டிய சிகிச்சை. டிஎச்ஏ கலந்த எண்ணெய், எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டலாம். அளவு ஏற ஏற இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்தும் ஏறும்: ‘ரெட்யூஸ்-இட்’டில் அதற்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்துக் குழுவில் 3.1 சதவீதம், மற்றதில் 2.1. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு கேப்சூல்கூடத் தொடங்கக் கூடாது.

கே: கர்ப்பமாக இருக்கிறேன். உறவினர் காட் லிவர் ஆயில் வாங்கித் தந்திருக்கிறார்.

ப: நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ அதில் ஏராளம். ஒரு டீஸ்பூனிலேயே 1,350 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கும். ஒரு நாளைய உச்சவரம்பு 3,000. அதைத் தாண்டினால் கருவுக்குக் கேடு. சாதாரண மீன் எண்ணெய் சதையிலிருந்து எடுப்பது, அதில் இந்தச் சிக்கல் இல்லை. கர்ப்பத்தில் டிஎச்ஏ பயனுள்ளதுதான், குறைப்பிரசவ வாய்ப்பைக் குறைப்பதாகவும் தெரிகிறது. எந்த வகை, எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும்.

கே: பாதரசம்?

ப: அது மீனின் புரதத்தோடு ஒட்டுவது, எண்ணெயில் மிகக் குறைவு.

கே: சைவம். ஆளி விதை எண்ணெய் போதுமா?

ப: போதாது. அதிலுள்ள ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3-ல் சிறு பங்குதான் உடம்பில் இபிஏ ஆகும், டிஎச்ஏ ஆவது மிகமிகக் குறைவு. பாசி எண்ணெய் வாங்குங்கள்; மீனுக்கே இவை பாசியிலிருந்துதான் கிடைக்கின்றன. சிலவற்றில் டிஎச்ஏ மட்டுமே இருக்கும், இரண்டும் உண்டா என்று பாருங்கள். மேலுறை ஜெலட்டின் என்றால் அது விலங்குப் பொருள்.

கே: கண் உலர்ச்சிக்கு மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

ப: ஓர் ஆய்வில் கண் உலர்ச்சி உள்ளவர்களுக்குத் தினம் 3 கிராம் வீதம் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெய் குடித்தவர்களைவிட மேலான பலன் தெரியவில்லை. கண் மருத்துவரைப் பாருங்கள்.

கே: மீன் விரும்பிச் சாப்பிடுவேன். கேப்சூலும் வேண்டுமா?

ப: மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்பு மீன் 100 கிராமில் பெரும்பாலும் 1 கிராமோ அதற்கு மேலோ இபிஏ, டிஎச்ஏ இருக்கும். வாரம் இரண்டு முறை சாப்பிடுகிறவர் வாங்க வேண்டியதில்லை.