விடை சரி, மார்க் எங்கே போச்சு?

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “மகள் பத்தாவது. கணக்கில் விடை சரியாக வந்தாலும் ஐந்துக்கு இரண்டுதான் போடுகிறார்கள். டியூஷனில் ‘ஸ்டெப் நோட்ஸ்’ மூவாயிரம் ரூபாய்க்குத் தருகிறார்களாம். வாங்கட்டுமா? நான் எட்டாவதோடு நின்றவள், சொல்லித்தரத் தெரியாது.”

வாங்காதீர்கள். உங்கள் பெண்ணுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. மனதில் போட்டதைத் தாளில் இறக்கவில்லை, அவ்வளவுதான். பொதுத்தேர்வில் 5 மதிப்பெண் கணக்கைப் படிப்படியாகப் பிரித்துத்தான் திருத்துவார்கள். கடைசி வரிக்கு மட்டும் மொத்த மார்க்கும் கிடைக்காது.

உங்கள் ஊர் கணக்காகவே ஒன்று. தக்காளி நாற்றங்கால், செவ்வகம். நீளம் அகலத்தைவிட 7 மீட்டர் அதிகம், பரப்பளவு 60 சதுர மீட்டர். நீள அகலம் என்ன? “12, 5” என்று எழுதிப் பேனாவை மூடினால் ஐந்தும் வராது. புத்தகத்தில் எக்ஸ் என்பார்கள். நான் ‘அ’ என்றே வைக்கிறேன்.

அகலம் = அ என்க. நீளம் = அ + 7.
அ × (அ + 7) = 60
அ² + 7அ − 60 = 0
பெருக்கினால் −60, கூட்டினால் +7 வரும் இரண்டு எண்கள்: 12, −5.
(அ + 12)(அ − 5) = 0
அ = −12 அல்லது 5.
அகலம் குறை எண்ணாக இருக்காது. ஆகவே அகலம் 5 மீ, நீளம் 12 மீ.

அந்தக் கடைசி வரியைத்தான் பாதிப் பிள்ளைகள் விடுகிறார்கள். விடாத பிள்ளைகளோ எல்லாக் கணக்கிலும் குறை எண்ணை அடித்துவிடுகிறார்கள். “அடுத்தடுத்த இரு முழுக்களின் பெருக்கற்பலன் 56” என்று கேட்டால் 7, 8 விடை. −8, −7ம் விடைதான். அதையே “முழு எண்கள்” என்று கேட்டிருந்தால் 7, 8 மட்டும். முழுக்கள் என்றால் குறை எண்ணும் சேர்த்தி, முழு எண்கள் என்றால் பூச்சியத்திலிருந்து மேலே. இந்த இரண்டு சொல்லும் ஒன்று போலத் தெரிவதால் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் சறுக்கும். நீளம், வயது, ஆட்களின் எண்ணிக்கை என்றால் அடிக்கலாம். வெறும் எண் என்றால் கேள்வியை இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள்.

வடிவியலில் ஒன்றே ஒன்று: ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம். “பார்த்தால் செங்கோணம் மாதிரி இருக்கு” என்பது காரணம் ஆகாது. செய்முறை வடிவியலில் உதவிப்படம் போடாமல் நேராகக் காம்பஸை எடுக்கக் கூடாது.

இப்போது அந்த மூவாயிரம். பெரும்பாலும் கடையில் கிடைக்கிற கைடுதான், ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் குத்தியிருப்பார்கள். ஒரு வருடம் விடைத்தாள் திருத்தும்போது ஒரு கட்டு முழுக்க ஒரே கணக்கில், ஒரே வரியில், ஒரே குறித் தப்பு. யாரோ விற்ற நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். போட்டோ எடுத்தால் விடை தரும் ஆப்பும் இதே வகை வியாதி. பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. எட்டாவது வரை எல்லாரும் பாஸ். பின்னம் வராத பிள்ளையிடம் ஒன்பதாவதில் திடீரென்று காரணிப்படுத்து என்றால் என்ன செய்யும்? நோட்டு முடித்தாயா என்று கேட்கத்தான் ஆள் இருக்கிறது.

உங்களுக்கு இயற்கணிதம் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, “இது எங்கிருந்து வந்துச்சு கண்ணு?” என்று கேளுங்கள். பதில் வராத வரியில்தான் மார்க் போகிறது. நாற்றங்கால் கணக்கை மறுநாள் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். அப்படியே மூலைவிட்டமும் கேளுங்கள்: 5² + 12² = 25 + 144 = 169 = 13², ஆகவே 13 மீட்டர். மேஸ்திரி 3, 4, 5 அடி வைத்து மூலைமட்டம் பார்ப்பதும் இதே பிதாகரஸ்தான். நம்பாவிட்டால் காட்டில் கயிறு பிடித்து அளந்து பார்க்கட்டும்.