கணக்காளர் வேலைக்கு நேர்காணலுக்கு வந்த ஐந்து பேருமே நன்றாகப் பேசுகிறார்கள், யாரை எடுப்பது?

ஐந்து கணக்காளர்களையும் மறுபடி கூப்பிட்டு, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். பதில் வந்த கையோடு மதிப்பெண் போட்டுவிடுங்கள். அப்புறம் யோசித்துப் போட்டால் மனதுக்குப் பிடித்தவருக்குத்தான் கூடும்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’, ‘உங்கள் பலம் பலவீனம் என்ன’ என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்திருப்பார்கள். இதற்கெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டுதான் வருவார்கள். வேலைத்திறனைக் கணிக்கும் வழிகளை 2022ல் உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட்டின் குழு மறுகணக்குப் போட்டபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது.

உங்கள் வேலைக்கு இதைக் கேட்டுப் பாருங்கள்: “கொள்முதல் பில் டேலியில் இருக்கிறது, ஜிஎஸ்டிஆர்-2பியில் வரவில்லை. என்ன செய்வீர்கள்?” (டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள்; ஜிஎஸ்டிஆர்-2பி, சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்.) வேலை தெரிந்தவர் பில் எண், தேதி, ஜிஎஸ்டி எண் சரியா என்று முதலில் ஒப்பிடுவார். சப்ளையர் ரிட்டர்ன் போட்டாரா என்று விசாரிப்பார். பில் 2பியில் வரும்வரை அந்த வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வதை, எடுக்காமல் நிறுத்தி வைப்பேன் என்பார். ‘ஆடிட்டரிடம் கேட்பேன்’ என்பதோடு ஒருவர் நிறுத்தினால், அதற்கு முன் நீங்களே என்ன பார்ப்பீர்கள் என்று ஒருமுறை தூண்டுங்கள். இந்த இடத்தில்தான் ஆள் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். பதற்றத்தில் திணறுபவரை உடனே கழித்துவிடாதீர்கள், பாவம். தண்ணீர் கொடுத்து, நாலைந்து பில்லைக் கையில் தந்து, டேலியில் ஏற்றச் சொல்லுங்கள். பேச்சு வராதவருக்குக் கணக்கு வரலாம்.