லா ஸ்கூல் அட்மிஷன் இந்த வருஷம் கை கொடுக்கலையா? மறுபடி அப்ளை பண்றவங்க கேள்விகளுக்கு பதில்

அமெரிக்கால ஜேடி (வக்கீல் ஆகறதுக்கான சட்டப் படிப்பு) படிக்க அப்ளை பண்ணி நினைச்ச மாதிரி அமையாதவங்க நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதான் மொத்தமா உக்காந்து பதில் எழுதுறேன். நானும் ரெண்டாவது தடவைல உள்ள போனவ தான். முதல் வருஷம் ஒம்போது இடத்துக்கு போட்டேன், ஆறு ரிஜெக்ட், ரெண்டு வெயிட்லிஸ்ட், ஒரே ஒரு அட்மிட், அதுலயும் ஸ்காலர்ஷிப் ஒரு டாலர் கிடையாது. அத விட்டுட்டு ஒரு வருஷம் வேலைக்கு போனேன், எல்சாட் (லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு) மறுபடி எழுதினேன், அடுத்த வருஷம் வெயிட்லிஸ்ட்ல வெச்ச அதே ஸ்கூல்ல ஒண்ணு பாதி பீஸ் தள்ளி கூப்பிட்டாங்க. இப்ப வக்கீலா இருக்கேன், கொஞ்ச வருஷமா பசங்களோட அப்ளிகேஷன் படிச்சு பாத்து சொல்லிட்டு வரேன்.

"அக்கா, 11 இடம் போட்டேன், 8 ரிஜெக்ட், 3 வெயிட்லிஸ்ட். எல்சாட் 163, ஜிபிஏ 3.7. இந்த செப்டம்பர்ல ஓப்பன் ஆன உடனே திரும்ப போட்டுறவா?"

தம்பி, போடறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ஒதுக்கி ஏன் கிடைக்கலன்னு கண்டுபிடிங்க. அமெரிக்கன் பார் அசோசியேஷன் அங்கீகாரம் இருக்குற எல்லா ஸ்கூலும் வருஷா வருஷம் டிசம்பர்ல 509 ரிப்போர்ட்னு ஒண்ணு வெளியிடணும், அதுல அந்த வருஷம் சேர்ந்தவங்களோட எல்சாட்டும் ஜிபிஏவும் (காலேஜ் மார்க் சராசரி) 25வது பர்சென்டைல் (கால்வாசி பேர் இதுக்கு கீழ), மீடியன் (நடு நம்பர்), 75வது பர்சென்டைல் (முக்கால்வாசி பேர் இதுக்கு கீழ)னு மூணு நம்பரா இருக்கும். நீங்க போட்ட 11 ஸ்கூலையும் ஒரு தாள்ல எழுதி பக்கத்துல அந்த நம்பர எழுதுங்க. 163ங்கறது எத்தனை இடத்துல மீடியனுக்கு மேல வருது, எத்தனை இடத்துல 25க்கும் கீழ போகுதுன்னு கண்ணால பாருங்க. ரேங்கிங்ல முதல் 14ன்னு சொல்றாங்களே, அந்த ஸ்கூல்கள்ல எல்லாம் மீடியன் 170ல இருந்து தான் ஆரம்பிக்குது. லிஸ்ட் பூரா அந்த மாதிரி இடமா இருந்தா உங்க கட்டுரைலயோ உங்ககிட்டயோ குறையே இல்ல, லிஸ்ட் தான் தப்பு.

ஸ்கூலுங்க மீடியன ஏன் இப்படி கட்டி காக்குறாங்கன்னா ரேங்கிங் போடறப்ப அந்த நடு நம்பர் கணக்குல வருது. மீடியனுக்கு ஒரு பாயிண்ட் மேல இருக்குறவங்களும் ஒரு பாயிண்ட் கீழ இருக்குறவங்களும் படிப்புல ஒண்ணு தான், ஆனா ஸ்கூலுக்கு ஒருத்தர் ஏத்தி விடறவர், இன்னொருத்தர் இறக்கி விடறவர். அதனால தான் 163ல இருந்து 167 போறது நாலு பாயிண்ட் தானேன்னு தோணினாலும் சில இடங்கள்ல கதவே அதுல தான் திறக்கும்.

அடுத்து, எப்ப சப்மிட் பண்ணீங்க? பெரும்பாலான ஸ்கூல்ல ரோலிங் அட்மிஷன், வர வர படிச்சு சீட் குடுத்துட்டே இருப்பாங்க. நீங்க டெட்லைன் பிப்ரவரி கடைசின்னு நம்பி பிப்ரவரில போட்டிருந்தா பாதி சீட்டும் ஸ்காலர்ஷிப் பணத்துல பெரும்பகுதியும் அதுக்குள்ள போயிருக்கும். இதுல போன ரெண்டு வருஷமா அப்ளை பண்றவங்க கூட்டமும் ஜாஸ்தி, 2024-25ல மட்டும் அதுக்கு முந்தின வருஷத்த விட 15 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. ஸ்கோர், லிஸ்ட், தேதி, கட்டுரை, இந்த நாலுல குறைஞ்சது ரெண்டு மாறணும். ஒண்ணும் மாத்தாம அதே பைல அனுப்பினா அதே பதில் தான் வரும், தெரிஞ்சே உங்க பணத்த கொண்டு போய் கொட்டாதீங்க. செப்டம்பர் முதல் நாளே போடணும்னும் இல்ல, நவம்பர் நடுவுக்குள்ள நல்ல பைலா போனா போதும்.

"நான் ஏற்கனவே 3 தடவ எல்சாட் எழுதிட்டேன். நாலாவது தடவ எழுதினா தப்பா நினைப்பாங்களா? எத்தனை தடவ எழுதலாம்?"

இப்ப இருக்குற ரூல் படி ஸ்கோர் செல்லுபடியாகுற காலத்துக்குள்ள 5 தடவை, வாழ்நாள் பூரா 7 தடவை. கேன்சல் பண்ணினதும் எண்ணிக்கைல சேரும், அத மறந்துடாதீங்க. ஸ்கூல் ரிப்போர்ட் பண்றது உங்க ஹயஸ்ட் ஸ்கோர் மட்டும் தான், அதனால கூடினா உங்களுக்கு லாபம். 158, 159, 158ன்னு அதே இடத்துலயே நிக்குதுன்னா எழுதறத நிறுத்திட்டு படிக்கற விதத்த மாத்துங்க. 2024 ஆகஸ்ட்ல லாஜிக் கேம்ஸ்ங்கற புதிர் மாதிரி கேள்விப் பகுதிய எடுத்துட்டாங்க, இப்ப மார்க் போடறது ரெண்டு லாஜிக்கல் ரீசனிங், ஒரு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன். முன்னாடி கேம்ஸால அடி வாங்கினவங்க தைரியமா திரும்ப எழுதலாம். கேம்ஸ்ல தான் மார்க் எடுத்தேன்னு சொல்றவங்க முதல்ல டைம் வெச்சு பழைய தாள் நாலஞ்சு போட்டு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, பிராக்டீஸ்ல தொடர்ந்து வராத ஸ்கோர் பரீட்சை அன்னிக்கு மட்டும் வராது.

"மேடம், என் பொண்ணு மறுபடி அப்ளை பண்றேன்னு சொல்றா. ஒரு வருஷம் வீணா போகுதேன்னு மனசு அடிச்சுக்குது. கிடைச்சதுல சேந்துட சொல்லலாமா?"

அம்மா, உங்க கவலை புரியுது, எங்க வீட்லயும் இதே பேச்சு தான் ஓடுச்சு. ஆனா இந்த படிப்புக்கு ஒரு வருஷம் லேட்டா போறது குறையே இல்ல, சொல்லப்போனா பெரிய ஸ்கூல்கள்ல கிளாஸ்ல பாதிக்கு மேல காலேஜ் முடிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு வரவங்க தான். வேலை வக்கீல் ஆபீஸ்லயே இருக்கணும்னு அவசியமில்ல. ஒரு பொறுப்ப எடுத்து செஞ்சு முடிச்சேன்னு ரெஸ்யூமேல சொல்ல முடியணும், அவ்வளவு தான். உங்க பொண்ணுகிட்ட ஏன் திரும்ப அப்ளை பண்றேன்னு கேக்காதீங்க, இந்த தடவ என்ன மாத்த போறேன்னு கேளுங்க. அவகிட்ட பதில் இருந்தா விட்டுடுங்க, அவ வழில போகட்டும். பதில் இல்லன்னா உக்காந்து சேர்ந்து யோசிங்க.

"இந்தியால பி.ஈ. முடிச்சேன், 10க்கு 7.1. இங்க வேலைல இருக்கேன். ஜிபிஏ கம்மின்னு தான் ரிஜெக்ட் ஆச்சா?"

அப்படி இருக்க வாய்ப்பு கம்மி. எல்சாக் (எல்சாட் நடத்தி, உங்க பைல ஸ்கூலுக்கு அனுப்புற அமைப்பு) ஜிபிஏ கணக்கு போடறது அமெரிக்கா, கனடா டிகிரிக்கு தான். உங்க டிகிரிய ஆவரேஜ், அபவ் ஆவரேஜ், சுப்பீரியர்ங்கற மாதிரி ஒரு மதிப்பீடா தான் ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. உங்க நம்பர் அவங்க ஜிபிஏ மீடியன இறக்காது, ஏத்தவும் ஏத்தாது. அதனால உங்க விஷயத்துல எல்சாட் மேல தான் பாரம் அதிகம். இன்னொண்ணு, உங்கள மாதிரி இன்ஜினியரிங்ல இருந்து வரவங்க பலர் பர்சனல் ஸ்டேட்மென்ட்ல, அதான் அந்த கட்டுரைல, பண்ணின ப்ராஜெக்ட் எல்லாத்தையும் வரிசையா எழுதிடறாங்க, ஏன் சட்டம்ங்கறது கடைசி பாராவுல ரெண்டு வரி வருது. அது மேல வரணும். டிரான்ஸ்கிரிப்ட் உங்க யுனிவர்சிட்டில இருந்து நேரா போகணும்னு கேப்பாங்க, அதுக்கு மாசக்கணக்குல இழுக்கலாம். போன தடவை அனுப்பினது எல்சாக் பைல்ல இருக்கான்னு முதல்ல செக் பண்ணுங்க, இருந்தா திரும்ப அலைய வேண்டாம்.

"போன வருஷம் ரிஜெக்ட் ஆனத சொல்லணுமா? அதே கட்டுரைய அனுப்பலாமா?"

பெரும்பாலான அப்ளிகேஷன்ல முன்னாடி எங்க ஸ்கூலுக்கு அப்ளை பண்ணிருக்கீங்களான்னு நேராவே கேப்பாங்க. ஆமான்னு போடுங்க. பழைய பைல் அவங்ககிட்ட இருக்கும், நாளைக்கு பார் லைசன்ஸ் (வக்கீலா வேலை பாக்க அனுமதி) வாங்கறப்ப கேரக்டர் அண்ட் பிட்னஸ்ங்கற நடத்தை விசாரணைல உங்க லா ஸ்கூல் அப்ளிகேஷன வரவழைச்சு ஒப்பிட்டு பாப்பாங்க. சின்ன விஷயத்த மறைச்சது அந்த விஷயத்த விட பெருசா நிக்கும். போன தடவ டிராபிக் கேஸ் ஒண்ணு எழுதி இந்த தடவ விட்டுட்டீங்கன்னா அதுவும் கண்ணுல படும், அதனால பழைய அப்ளிகேஷன பக்கத்துல வெச்சுகிட்டு நிரப்புங்க.

கட்டுரை புதுசா எழுதணும். அதே வாழ்க்கை சம்பவமா இருக்கலாம், ஆனா வார்த்தைக்கு வார்த்தை அதே தாள அனுப்பினா ஒரு வருஷத்துல இவங்களுக்கு புதுசா சொல்ல ஒண்ணும் இல்லையோன்னு தோணிடும். நான் முதல் வருஷம் எழுதினது எங்க தாத்தாவோட நில வழக்கு பத்தி, ரெண்டு பக்கத்துல ஒன்றரை பக்கம் தாத்தா தான் இருந்தார். அடுத்த வருஷம் அதே வழக்கு, ஆனா அந்த கோர்ட் தாள்கள மொழிபெயர்த்து அவருக்கு படிச்சு காட்டினப்ப எனக்கு எது புரிஞ்சுது, எது புரியலைன்னு எழுதினேன். படிச்சவங்களுக்கு அப்ப தான் நான் யாருன்னு தெரிஞ்சுது. ஸ்கூல் தனியா ரீஅப்ளிகன்ட் அடெண்டம் (மறுபடி போடறவங்க சேக்கற கூடுதல் குறிப்பு) கேட்டா அரை பக்கம் போதும், ஸ்கோர் இவ்வளவு கூடிருக்கு, இந்த வேலை பாத்தேன், இன்னும் ஏன் உங்க ஸ்கூல் வேணும். போன வருஷ முடிவ பத்தி புலம்பல் வேண்டாம். ரெகமண்டேஷன் லெட்டர் பழசே ஓடும், முடிஞ்சா இந்த வருஷ மேனேஜர்கிட்ட ஒண்ணு புதுசா வாங்கி சேருங்க.

"ஒரு ஸ்கூல்ல முக்கால் பீஸ் ஸ்காலர்ஷிப்போட கிடைச்சிருக்கு, ஆனா ஜிபிஏ 3.2 வெச்சிருக்கணும்னு கண்டிஷன். சேந்துட்டு ஒரு வருஷத்துல டிரான்ஸ்பர் ஆகிடலாமா, இல்ல ரீஅப்ளையா?"

இந்த கேள்விக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதுல தான் நிறைய பேர் கைய சுட்டுக்கறாங்க.

லா ஸ்கூல்ல மார்க் கர்வ் மேல போடறாங்க. கிளாஸ்ல எல்லாரும் நல்லா எழுதினாலும் இத்தனை பேருக்கு தான் 'ஏ' கிரேடு, மீதி பேருக்கு 'பி' கிரேடுன்னு முன்னாடியே கணக்கு இருக்கும். அந்த ஸ்கூலோட நடு மார்க் 3.0ன்னா கிளாஸ்ல பாதி பேர் 3.2க்கு கீழ தான் இருந்தாகணும், எவ்வளவு உழைச்சாலும். போன வருஷங்கள்ல எத்தனை பேர் கண்டிஷனல் ஸ்காலர்ஷிப்போட வந்தாங்க, எத்தனை பேருக்கு குறைச்சாங்க இல்ல எடுத்தாங்கன்னு 509 ரிப்போர்ட்லயே தனி டேபிள் இருக்கு. அத பாக்காம கையெழுத்து போடாதீங்க. பாத்துட்டு, கண்டிஷன எடுத்துடுங்கன்னு ஸ்கூல்கிட்டயே மரியாதையா ஒரு மெயில் போட்டு கேளுங்க, சில பேருக்கு எடுத்து குடுத்திருக்காங்க.

டிரான்ஸ்பர் விஷயம். முதல் வருஷ மார்க்க வெச்சு தான் டிரான்ஸ்பர் எடுப்பாங்க, எல்சாட் அதுல பின்னாடி போயிடும். கிளாஸ்ல முதல் 10 சதவீதத்துல வந்தா நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா உள்ள வர எல்லாரும் நான் அந்த 10ல இருப்பேன்னு தான் நினைச்சு வராங்க. டிரான்ஸ்பர்ல வரவங்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கறது அபூர்வம், முழு பீஸ் கட்டணும். அதனால நான் எல்லார்கிட்டயும் கேக்கறது ஒண்ணு தான், இதே ஸ்கூல்ல இருந்து டிகிரி வாங்கிட்டு வெளில வந்தா அந்த ஊர்ல கிடைக்கிற வேலை உங்களுக்கு சம்மதமா? படிப்பு முடிஞ்சு பத்து மாசத்துல யார் யார் என்ன வேலைல இருக்காங்கன்னு ஸ்கூல் ரிப்போர்ட் குடுத்திருக்கும், பார் எக்ஸாம் பாஸ் சதவீதமும் இருக்கும். சம்மதம்னா தாராளமா சேருங்க. இல்லன்னா காத்திருங்க. சேந்துட்டு பாதில விட்டுட்டு வேற இடத்துக்கு முதல்ல இருந்து அப்ளை பண்றது ரொம்ப கஷ்டமான வழி, அதையும் எல்லா அப்ளிகேஷன்லயும் சொல்லியே ஆகணும்.

"வெயிட்லிஸ்ட்ல இருக்கேன், இன்னும் நம்பலாமா?"

நம்பலாம், ஆகஸ்ட்ல கிளாஸ் ஆரம்பிக்கற வாரம் வரைக்கும் கூப்பிடுவாங்க. இன்னும் ஆர்வமா இருக்கேன்னு ஒரு பக்க லெட்டர் அனுப்புங்க, புது ஸ்கோர், புது வேலை எதாவது இருந்தா சேருங்க. ஆனா அத நம்பி ரீஅப்ளை வேலைய தள்ளி போடாதீங்க.

"இந்த தடவ எர்லி டெசிஷன் போட்டா சான்ஸ் கூடுமா?"

சில இடத்துல கொஞ்சம் கூடும். ஆனா கிடைச்சா சேந்தே ஆகணும், மத்த இடத்து அப்ளிகேஷன எல்லாம் வாபஸ் வாங்கணும், ஸ்காலர்ஷிப் பேரம் பேச முடியாது. ஒரு டாலர் தராட்டியும் போவேன்னு சொல்ற ஸ்கூலுக்கு மட்டும் போடுங்க.

"எல்சாட் வரல, ஜிஆர்இ எழுதிடவா?"

ஜிஆர்இய (மத்த மேல்படிப்புகளுக்கான பொதுத் தேர்வு) பல ஸ்கூல் ஏத்துக்கறாங்க, எல்லாரும் இல்ல. ஏற்கனவே எழுதின எல்சாட் ஸ்கோர் உங்க பைலோட எப்படியும் போகும், அத மறைக்க முடியாது. ஆகவே பெருசா பிரயோஜனம் இருக்காது.

"லோன் ரூல் மாறிடுச்சாமே, ரீஅப்ளை பண்றவங்களுக்கு பாதிப்பு இருக்கா?"

இருக்கு. 2025 ஜூலைல கையெழுத்தான சட்டப்படி 2026 ஜூலை 1ல இருந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் பிளஸ்ங்கற அமெரிக்க அரசு லோன் கிடையாது. பெடரல் லோன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அதுக்கு மேல வேணும்னா பிரைவேட் லோன் தான். பெரிய நகரத்து ஸ்கூல்ல பீஸும் வாடகையும் சேர்ந்தா வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர தாண்டற இடம் இருக்கு, ஆக நடுவுல விழற ஓட்டை பெருசு. அதனால இந்த தடவ லிஸ்ட் போடறப்ப உங்க ஸ்கோர் 75வது பர்சென்டைலுக்கு மேல வர மாதிரி மூணு நாலு ஸ்கூல் கண்டிப்பா சேருங்க, அங்க தான் பணம் கிடைக்கும். விசால இருக்குறவங்களுக்கு பெடரல் லோன் முன்னாடியும் இல்ல, இப்பவும் இல்ல.

"ரெண்டு தடவ ஆயிடுச்சு அக்கா. மூணாவது தடவ போடலாமா? வீட்ல யார்கிட்டயும் பேசவே பிடிக்கல."

தம்பி, ரெண்டு வருஷம் தொடர்ந்து இல்லங்கற பதில வாங்கறது எவ்வளவு வலிக்கும்னு எனக்கு தெரியும், ஒரு வருஷம் கிடைக்காததுக்கே நான் யார் போன் பண்ணினாலும் எடுக்காம இருந்தேன். ரெண்டாவது தடவைக்கும் முதல் தடவைக்கும் உங்க எல்சாட் எத்தனை கூடுச்சுன்னு எழுதல. கூடவே இல்லன்னா உடனே மூணாவது தடவ வேண்டாம், ரெண்டு வருஷம் நல்லா வேலை பாருங்க, அப்புறம் வாங்க, வயசு இதுல தடையே இல்ல. கூடியும் கிடைக்கலன்னா அப்ளிகேஷன்ல எதோ ஒண்ணு, அனேகமா கட்டுரை இல்ல ஒரு ரெகமண்டேஷன் லெட்டர், உங்கள கீழ இழுக்குது. ரிஜெக்ட் பண்ணின ஸ்கூல்கள்ல சிலர் கோடைல கேட்டா பைல பாத்து கருத்து சொல்வாங்க, ஜூன்லயே மெயில் போடுங்க. ரெண்டு வருஷ கட்டுரையையும் பேர், நம்பர் எல்லாம் எடுத்துட்டு எனக்கு அனுப்புங்க, இந்த வாரக் கடைசில படிச்சுட்டு எழுதறேன்.