வழக்கு எப்படி அரசியல் ஆயுதமாகிறது?

"குற்றம் செய்தால்தானே வழக்கு, இதில் அரசியல் எங்கே வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வ.உ.சி. வழக்கைப் பாருங்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி போட்டார். 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச்சில் கைது. கப்பல் விட்டதற்குத் தண்டிக்கச் சட்டமில்லை. எனவே மேடைப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, ராஜத்துரோகம் என்றார்கள். அவர் பேசியதற்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு என்று நாடுகடத்தல் விதித்தார் நீதிபதி பின்ஹே. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்குள் அந்த வக்கீல் கோவைச் சிறையில், மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்துக்கொண்டிருந்தார். 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் நடத்தும் உரிமமான சன்னதும் பறிபோயிருந்தது.