தண்ணீர் குடிக்கக் குடிக்கப் பை நிரம்புகிறது, தாகம் தீரவில்லையே, ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 57, எடை 55 கிலோ. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஓட்டை விழுந்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டதாகச் சொல்லி, 24 நாட்களுக்கு முன் அவசர ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றின் வலப்பக்கம் குடலை வெளியே எடுத்துப் பை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து 10 நாள் ஆகிறது. பையில் தண்ணீராகவே போகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை காலி செய்கிறோம். எந்நேரமும் தாகம் என்கிறார். நான்கு லிட்டர் தண்ணீர், இரண்டு இளநீர் கொடுத்தும் நாக்கு வறண்டே இருக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது, சிறுநீர் இரண்டு தடவைதான் போகிறார். பிபி இருப்பதால் உப்பைக் குறைத்திருக்கிறோம். முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று அத்தை சொல்வதால் கஞ்சியும் ரசம் சாதமும்தான். தையலின் கீழ்முனையில் நீர் கசிகிறது. பையைச் சுற்றித் தோல் வெந்துபோயிருக்கிறது. மலவாய் வழியாகச் சளி மாதிரி வருகிறது. குடலை எப்போது உள்ளே வைத்துத் தைப்பார்கள்?

பதில்: கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், இதைப் படித்த அன்றே அப்பாவை ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்க வேண்டாம். தலைசுற்றல், கால் இழுப்பு, குறைந்த சிறுநீர் மூன்றும் சேர்ந்தால் உடம்பில் நீரும் உப்பும் வற்றி, சிறுநீரகம் அடிபடத் தொடங்கியிருக்கலாம் என்று அர்த்தம். சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், யூரியா, கிரியாட்டினின் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நார்மல் சலைன் ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடுவார். ஆனால் வீட்டில் நடக்கும் தவறு மாறாவிட்டால் அடுத்த வாரமே திரும்பவும் அதே கட்டிலில் படுக்க வேண்டியிருக்கும்.

தவறு தண்ணீரில்தான் இருக்கிறது. குறைவாகக் கொடுக்கவில்லை, அதிகமாகக் கொடுக்கிறீர்கள்.

நாம் குடிப்பது, எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 7 முதல் 9 லிட்டர் வரை குடலுக்குள் இறங்குகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஒன்று, ஒன்றரை லிட்டரைப் பெருங்குடல் பிழிந்தெடுத்து, அதிலுள்ள உப்பையும் மீட்டுக்கொள்ளும். அப்பாவுக்கு அந்தப் பெருங்குடல் இப்போது வழியில் இல்லை. சிறுகுடலின் சுவரோ நீரும் உப்பும் இரு பக்கமும் கசியும் சுவர். உப்பில்லாத வெறும் தண்ணீர் அதற்குள் வந்தால், ரத்தத்திலிருந்து சோடியம் குடலுக்குள் இறங்கி, லிட்டருக்கு 100 மில்லிமோல் (உப்பின் செறிவைச் சொல்லும் அலகு) அளவை எட்டப் பார்க்கும். பிறகு அந்த உப்போடு சேர்ந்தே தண்ணீர் பைக்குப் போய்விடும். ஆக, ஒவ்வொரு சொம்பு தண்ணீரும் உடம்பிலிருந்து கொஞ்சம் உப்பைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வெளியேறுகிறது. உப்பு குறையக் குறையத் தாகம் எடுக்கும், மறுபடி தண்ணீர் குடிப்பார். இரண்டு லிட்டர் போனால் ஏறக்குறைய 12 கிராம் உப்பு போகிறது. தலை தட்டிய டீஸ்பூனில் இரண்டு. நீங்களோ பிபிக்காக உப்பைக் குறைத்திருக்கிறீர்கள். இந்தச் சில வாரங்களுக்கு அந்த அறிவுரை அப்பாவுக்குப் பொருந்தாது.

இளநீரும் இங்கே உதவாது. அதில் இருப்பது பொட்டாசியம், சோடியம் மிகக் குறைவு. சிறுநீரகம் சோர்ந்திருக்கும்போது நிறைய இளநீர் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் செய்ய வேண்டியது இது. வெறும் தண்ணீர், காபி, டீ, உப்பில்லாத மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர். மற்றதெல்லாம் உப்புக் கரைசலாகவே போகட்டும். மருந்துக்கடையில் 'டபிள்யூஎச்ஓ ஃபார்முலா' என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொடியைக் கேளுங்கள். லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் கிடைக்கும். பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். ஜூஸ், கோலா, சர்க்கரை கொட்டிய சத்துமாவுப் பானம் எல்லாம் இந்தக் கணக்குத்தான்.

நிறையப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு கூடிய கரைசல் தேவைப்படும். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ் பவுடர், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இதில் சோடியம் 90 மில்லிமோல். ஸ்பூன் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் முதல் தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு ஸ்பூனில் அது எவ்வளவு வருகிறது என்று பிறகு தெரிந்துவிடும். நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், குளிர வைத்து, மடக்கு மடக்காக. மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. இதய பலவீனம், பழைய சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஓஆர்எஸ் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டை வாங்கி, ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, அதையே இரண்டு நாள் வைத்துக் கொடுப்பார்கள். அது வெறும் தண்ணீருக்குச் சமம். பாக்கெட் முழுவதும் ஒரே லிட்டரில் கரைய வேண்டும், 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். அதே நேரம், 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் விற்கிறது. எந்த அளவு என்று உறையில் பார்த்துவிட்டுக் கரையுங்கள்.

நம் வீட்டுக் கஞ்சியே நல்ல கரைசல்தான், உப்பு சரியாக இருந்தால். அரை லிட்டர் வடித்த கஞ்சிக்கு அரை டீஸ்பூன் உப்பு போட்டால் குடலுக்குத் தேவையான அளவை எட்டிவிடும். சாப்பாட்டோடு சேர்த்து எதையும் குடிக்க வேண்டாம். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னும் பின்னும் இடைவெளி விட்டால் பையில் போவது கெட்டிப்படும். சாதம், ஜவ்வரிசி, வாழைப்பழம், மசித்த உருளைக்கிழங்கு, உப்புப் போட்ட கெட்டித் தயிர்சாதம் எல்லாம் இறுக்கிப்பிடிக்கும்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜக் ஒன்றைக் கழிவறையில் இதற்கென்றே வையுங்கள். காலி செய்வதையெல்லாம் அதில் அளந்து ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். சிறுநீரையும் அப்படியே. 'ஏழெட்டு தடவை' என்பதை வைத்து மருந்தின் அளவை முடிவு செய்ய முடியாது, '2,100 மில்லி' என்றால் முடியும். நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அதிகம். சிறுநீர் 800 மில்லிக்குக் குறையக் கூடாது.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, பிபி மாத்திரை. உறையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு என்று எழுதியிருந்தால், நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தை மேலும் அழுத்தும். பலருக்குத் தற்காலிகமாக நிறுத்துவோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். இரண்டாவது, லோபரமைடு. 2 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுத்தால் குடலின் ஓட்டம் தணியும். வயிற்றில் சீழ் தேங்கியிருந்தாலோ, குடல் பாதி அடைத்திருந்தாலோகூடப் பை தண்ணீராகப் போகும் என்பதால், அவை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். மூன்றாவது, முழு மாத்திரைகள். எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று முடியும், மெதுவாகக் கரையும் மாத்திரைகள் பைக்குள் முழுசாக வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வேலை செய்யவில்லை. மாற்றித்தரச் சொல்லுங்கள்.

தோல் வெந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பையைத் தோலோடு ஒட்டவைக்கும் பிளேட்டில் நீங்கள் வெட்டும் ஓட்டையின் அளவு. சிறுகுடல் நீரில் செரிமான நொதிகள் இருப்பதால் தோலையும் அது செரிக்கப் பார்க்கும். ஆபரேஷன் முடிந்த புதிதில் ஸ்டோமா, அதாவது வெளியே எடுத்து வைத்த குடலின் வாய், வீங்கியிருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கும். நீங்கள் முதல் நாள் வெட்டிய அளவிலேயே இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால் நடுவில் தோல் வெறுமையாகத் தெரியும். பை பெட்டியில் வரும் அளவு அட்டையை ஒவ்வொரு வாரமும் வைத்துப் பார்த்து, ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள்.

மாற்றுவதற்கு ஏற்ற நேரம் காலையில், எதுவும் சாப்பிடுவதற்கு முன். அப்போது ஒழுக்கு குறைவாக இருக்கும். பழைய பிளேட்டைப் பிய்த்து இழுக்காமல், ஈரத் துணியால் தோலை அழுத்திப் பிடித்து மேலிருந்து கீழாக உரியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவினால் பிளேட் ஒட்டவே ஒட்டாது. பஞ்சு விடாத துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்ததும், வெந்த இடத்தில் ஸ்டோமா பவுடரைத் தூவி, உபரியைத் தட்டிவிட்டு, பிளேட்டை வைத்து உள்ளங்கையால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். சூட்டில்தான் பசை இறுகும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். பாதிக்கு மேல் விட்டால் எடை பிளேட்டை இழுத்துக் கசியும். கசிந்தால் அதன்மேல் டேப் ஒட்டிச் சமாளிக்காமல் உடனே மாற்றுங்கள். மருந்துக்கடையில் 'கொலாஸ்டமி பை' என்று பொதுவாகக் கேட்டால் கீழே திறக்க முடியாத பை கிடைத்துவிடலாம். கீழே திறந்து கிளிப் போடும் இலியோஸ்டமி (சிறுகுடல் ஸ்டோமா) பை என்று கேளுங்கள். ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கருநீலமோ கறுப்போ ஆனால் உடனே மருத்துவமனை.

தையலில் கசிவதைப் பொறுத்தவரை, நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். லேசான மஞ்சள் நீர், காய்ச்சல் இல்லை என்றால் தோலுக்கடியில் தேங்கியதுதான். ஒன்றிரண்டு தையலைத் திறந்துவிட்டு, சலைன் நனைத்த காஸ் துணி வைத்து ஆற விடுவார்கள். கெட்டியாக, நாற்றத்தோடு வந்தால் சீழ். பச்சையாக, குமிழியோடு, பையில் வருவது போலவே வந்தால் உள்ளே குடல் கசிகிறது என்று பொருள். இளஞ்சிவப்பு நீர் திடீரென்று துணி நனையக் கொட்டினால் உள்தையல் விட்டுப்போகிறது. அப்படி ஆனால் அல்லது குடல் எட்டிப்பார்த்தால், உள்ளே தள்ள முயல வேண்டாம். படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, சுத்தமான ஈரத் துணியால் மூடி, வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள், சாம்பல் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.

அத்தைக்கு ஒரு வார்த்தை. முட்டையும் மீனும் சீழ் உண்டாக்காது. கிருமிதான் உண்டாக்குகிறது. அந்தக் கிருமியோடு போராடும் அணுக்களும், காயத்தை மூடும் சதையும் புரதத்தால் ஆனவை. 55 கிலோ ஆளுக்கு இப்போது நாளுக்கு 70 முதல் 80 கிராம் புரதம் தேவை. ரசம் சாதத்தில் அதில் கால்வாசிகூடத் தேறாது. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், முள் நீக்கிய மீன் 100 கிராமில் 20 கிராம் அளவு, ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ 6, 7 கிராம். மூன்று முட்டை, ஒரு வேளை மீன், ஒரு வேளை கோழி, இரண்டு டம்ளர் தயிர் என்று ஐந்தாறு சின்ன வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் எட்டிவிடலாம். சிறுநீரகத்தின் ரிசல்ட் மோசமாக இருந்தால் இந்த அளவை மருத்துவர் மாற்றுவார். முருங்கைக்காய் சக்கை, தேங்காய்ப் பத்தை, கீரைத் தண்டு, சோளம், நிலக்கடலை, காளான் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஸ்டோமாவின் வாயில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். ஐந்தாறு மணி நேரம் பையில் எதுவும் வராமல், வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் அது அடைப்பு. உடனே கூட்டிப் போங்கள்.

மலவாய் வழியாக வரும் சளிக்குப் பயப்பட வேண்டாம். உபயோகத்தில் இல்லாத பெருங்குடலும் தன் பாட்டுக்குச் சளி சுரக்கும். ஆனால் காய்ச்சலும் சேர்ந்தாலோ, விக்கல் நிற்காவிட்டாலோ, அடிவயிறு கனத்து அடிக்கடி மலம் வருவது போல முக்கினாலோ, இடுப்புக்குள்ளோ உதரவிதானத்துக்கு அடியிலோ சீழ் தேங்கியிருக்கலாம். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு. மூச்சு திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

தலைசுற்றல் நின்றதும் நடக்க வையுங்கள். எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போது தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துக்கொள்ளட்டும். இரண்டு மாதத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தழும்பு இறுகுவதற்குள் பாரம் தூக்கியவர்களுக்குத்தான் பிறகு குடலிறக்கம் வருவதை அதிகம் பார்க்கிறோம்.

குடலை உள்ளே வைப்பது பொதுவாக 8 முதல் 12 வாரத்துக்குப் பிறகு. வயிற்றுக்குள் பழைய சீழால் ஒட்டிக்கொண்டிருக்கும் குடல்கள் இளகவே அவ்வளவு நாள் ஆகும். முன்கூட்டித் திறந்தால் புதிய ஓட்டைகள் விழக்கூடும். அதற்குள் எடை ஏறியிருக்க வேண்டும், காயம் ஆறியிருக்க வேண்டும், ஸ்டோமாவில் பெருங்குடல் பக்கம் போகும் கீழ்வாய் வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் கீழே அடைப்பில்லை என்று தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று: ஓட்டை ஏன் விழுந்தது? நம் பக்கத்தில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஓட்டை விழுந்தால் டைஃபாய்டையும் காசநோயையும் முதலில் சந்தேகிப்போம். ஓட்டையின் ஓரத்திலிருந்து சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த முடிவு பெரும்பாலும் வந்திருக்காது, பிறகு யாரும் போய் வாங்குவதுமில்லை. காசநோய் என்றால் குறைந்தது ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். அதைத் தொடங்காமல் குடலைச் சேர்த்துத் தைப்பதில் பயனில்லை. மருந்து தொடங்கியபின் சிறுநீரும் பையும் ஆரஞ்சு நிறமானால் ரத்தமோ என்று பதற வேண்டாம், ரிஃபாம்பிசினின் நிறம் அது. இந்தத் தடவை போகும்போதே நோயியல் துறையில் பயாப்சி எண்ணைச் சொல்லி முடிவை வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள்.