மீதியை என்ன செய்வது?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு. வகுத்தல் தப்பில்லாமல் போடுகிறாள். ஆனால் பெட்டியில் அடுக்குவது, லாரியில் ஏற்றுவது என்று வாக்கியமாகக் கேட்டால் விடை தவறிவிடுகிறது. ஏன்?
– வாசகி, ராசிபுரம்

பதில்: வகுத்து முடித்ததும் பென்சிலை வைத்துவிடுகிறாள், அதனால்தான். மீதி என்ன ஆகும் என்பதில்தானே கணக்கே இருக்கிறது!

உங்கள் நாமக்கல் முட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ட்ரேயில் 30 முட்டை. 7 ட்ரே அடுக்கினால் ஒரு பெட்டி, அதாவது 210. சரி, 5,000 முட்டைக்கு எத்தனை பெட்டி வேண்டும்? 5,000-ஐ 210-ஆல் வகுத்தால் ஈவு 23, மீதி 170. பிள்ளைகள் பலரும் 23 என்று எழுதிவிடுவார்கள். அந்த 170 முட்டையும் ஊர் போய்ச் சேர வேண்டாமா? 24 பெட்டி வேண்டும். ஆனால் ‘நிறைந்த பெட்டி எத்தனை’ என்றால் 23தான் சரி. ‘கடைசிப் பெட்டியில் எத்தனை முட்டை’ என்றால் 170. 23.8 பெட்டி என்று மட்டும் எழுத விடாதீர்கள்.

காலி ட்ரே ஆறு வாங்கி, முட்டைக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து, கடைசிப் பெட்டியை அவளையே அடுக்கச் சொல்லுங்கள். ஐந்து ட்ரே நிறையும், ஆறாவதில் 20 நிற்கும். அப்புறம் கேள்வியின் கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்துவிட்டு விடை எழுதட்டும்.